அத்தியாயம் 5: சங்கு ஊதாத வீட்டில் ஒரு நாள்

தங்கவயலின் பாலகாட்டில் முன்பெல்லாம் யாரும் கடிகாரம் பார்த்து எழுந்ததில்லை. சுரங்கத்துச் சங்கு ஊதும். ஒரு ஷிப்டுக்காரர் கிளம்புவார், இன்னொரு ஷிப்டுக்காரர் வீடு திரும்புவார். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் உலை ஏறும், பிள்ளைகள் முகம் கழுவும். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடியதோடு சங்கும் போயிற்று. இப்போது ஊருக்குக் கடிகாரம் ரயில்தான். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை வண்டியைப் பிடிக்க, விடிவதற்குள் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரியும். என் வீட்டுக்காரரும் அந்த வண்டிக்குப் போகிறவர்தான். அவர் வாசலைத் தாண்டினால் வீட்டில் மிச்சம் நான், பதினொரு வயது மகள், ஏழு வயது மகன், மாமனார்.

பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவெடுத்த முதல் வாரம், எல்லோரையும் போல நானும் ஒரு தப்புச் செய்தேன். ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் சார்ட் பேப்பர் வாங்கி வந்து, ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டு, ஒன்பதிலிருந்து ஒன்பது நாற்பது வரை கணக்கு, அப்புறம் தமிழ், அப்புறம் அறிவியல் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். திங்கட்கிழமை அப்படியே நடந்தது. செவ்வாய் குழாயில் தண்ணீர் வந்தது. டிரம், குடம், அண்டா எல்லாம் நிரம்பி முடிய பதினொன்று. புதன் சின்னவனுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை அந்த சார்ட்டைக் கிழித்துப் பின்பக்கத்தில் மகள் மயில் வரைந்திருந்தாள். நன்றாகவே வரைந்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தின் மணி முப்பது நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் நகர்த்துவதற்காக உண்டானது. இரண்டு பிள்ளைகளுக்கு அந்த மணி தேவையில்லை. ஆனால் ஒன்றுமே இல்லாமல் விட்டாலும் நாள் கரைந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு 'இன்றைக்கு என்ன செய்தோம்?' என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. அதனால் நான் சொல்லும் வழி இது: நாள் முழுக்கக் கட்டம் போடாதீர்கள், சுவரில் சட்டை மாட்ட ஆணி அடிப்பது போல ஒரு நாளில் மூன்று ஆணி மட்டும் அடியுங்கள். நடுவே உள்ளது எப்படி வேண்டுமானாலும் தொங்கட்டும். அந்த ஆணியையும் வீட்டில் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தின் மேல் அடிக்க வேண்டும், கடிகார எண்ணின் மேல் அடிக்கக் கூடாது.

எங்கள் முதல் ஆணி காலை டிபன் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்த உடனே. அது எட்டரையாக இருக்கலாம், தண்ணீர் வரும் நாளில் பதினொன்றரையாக இருக்கலாம். தட்டு கவிழ்ந்தால் புத்தகம் திறக்கும். பெரியவளுக்கு ஒன்றரை மணி நேரம், சின்னவனுக்கு முக்கால் மணி நேரம். கணக்கும் எழுத்தும் மட்டும். 'இவ்வளவுதானா?' என்று கேட்காத ஆள் இல்லை. வகுப்பில் வருகைப்பதிவு, வரிசை, பேசாதே, நோட்டை எடு, பக்கத்து பையன் அடிக்கிறான் மிஸ், எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஒரு பிள்ளை தானே கணக்குப் போடும் நேரம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து பார்க்கும்போது ஒன்றரை மணி நேரம் என்பது நிறையவே.

பாடப் புத்தகத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டு மாநிலப் பாடநூல்களும், என்சிஇஆர்டி நூல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழுக்குத் தமிழ்நாட்டுப் புத்தகம், கன்னடத்துக்குக் கர்நாடகப் புத்தகம், கணக்குக்கு என்சிஇஆர்டி என்று நாங்கள் கலந்து வைத்துக்கொள்கிறோம். காசு போட்டு வாங்க வேண்டியவை வேறு: ஒரு அளவு டேப், சமையலறைத் தராசு, பெரிய கர்நாடக வரைபடம், கட்டம் போட்ட நோட்டு.

அளவு டேப் என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இதுவரை நடந்த பாடங்களிலேயே நன்றாக நடந்தது அதுதான்.

ஒரு நாள் மகள் கேட்டாள்: "இந்த ஊர்ல மொத்தம் எவ்ளோ தங்கம் எடுத்தாங்க?" 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வேலையைத் தொடங்கியதிலிருந்து மூடும் வரை ஏறக்குறைய 800 டன் என்றேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 800 டன் என்பது காதில் விழும் சத்தம்தான், கண்ணுக்குத் தெரியாது. சரி, நாளுக்கு எவ்வளவு என்று போடு என்றேன். எட்டு லட்சம் கிலோவை 120 வருஷத்தால் வகுத்தாள், அதை 365ஆல் வகுத்தாள். நாளொன்றுக்குப் பதினெட்டு கிலோ சொச்சம். எட்டு கிராம் ஒரு பவுன் என்று வைத்தால் தினமும் 2,280 பவுன். இந்த இடத்தில் மாமனார் பேப்பரிலிருந்து தலையை எடுத்தார். முப்பது வருஷம் கீழே இறங்கி ஏறியவர். ஒரு பவுன் வாங்கித் தன் மகளுக்குப் போட என்ன பாடு பட்டார் என்பது வீட்டுக்கே தெரியும்.

அதோடு விட்டிருக்கலாம். மகள் விடவில்லை. "அத்தனையும் ஒரே எடத்துல வெச்சா எவ்ளோ பெருசு இருக்கும்?" தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். 80 கோடி கிராமை 19.3ஆல் வகுத்தோம், சைபர்களை எண்ணுவதற்குள் இரண்டு தடவை தப்பு வந்தது. கடைசியில் நாற்பத்தொன்றரைக் கன மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அப்போதுதான் டேப் வெளியே வந்தது. எங்கள் முன்னறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மீட்டரில் 3.66. தரையின் பரப்பு 13.4 சதுர மீட்டர். வகுத்தால் உயரம் 3.1 மீட்டர், அதாவது பத்தடிக்கு மேல் இரண்டு அங்குலம். சின்னவன் நாற்காலி மேல் ஏறி டேப்பின் நுனியைப் பிடித்தான், கூரை கிட்டத்தட்ட அங்கேதான் இருந்தது.

120 வருஷம். சில காலங்களில் முப்பதாயிரம் பேருக்கும் மேல் வேலை செய்த சுரங்கம். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய குழி. எல்லாம் சேர்த்து எங்கள் முன்னறையை ஒரு தடவை நிரப்பும். மாமனார் எழுந்து அறையைச் சுற்றி ஒரு தரம் பார்த்தார். "அவ்ளோதானா?" என்றார்.

பாடம் அங்கேயும் முடியவில்லை. மீதிக் கல் எங்கே போயிற்று என்று சின்னவன் கேட்டான். அரைத்தெடுத்த கல் ஐந்து கோடி டன்னுக்குப் பக்கம். சராசரி பார்த்தால் ஒரு டன்னுக்கு இரண்டு பவுன். கையால் காட்ட வேண்டிய பதில் இது. வாசலில் நின்றால் தெரியும் அந்தச் சாம்பல் நிறச் சயனைடு குன்றுகள்தான் மீதி. அடுத்த இரண்டு நாளும் சயனைடு எப்படித் தங்கத்தைக் கரைக்கிறது என்பதில் போயின. 1887இல் கிளாஸ்கோவில் காப்புரிமை வாங்கிய முறை அது. நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள் இல்லை. நானும் பிள்ளையோடு உட்கார்ந்து படித்தேன். 'எனக்குத் தெரியாது, வா பாக்கலாம்' என்று கூசாமல் சொல்லப் பழகுங்கள். பழக்கம் வரக் கொஞ்ச நாள் ஆகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் குன்றுகள் சினிமாவில் அழகாக இருக்கும். பிள்ளைகளை அங்கே விளையாட விடாதீர்கள். காற்றடிக்கும் நாளில் அந்த மாவு போன்ற தூசி மூக்குக்குள் போகும். பழைய ஷாப்ட் பக்கம் வேலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போகவே கூடாது. ஊரையே பாடப் புத்தகமாக வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வதில் இந்த இரண்டு இடங்களும் சேராது.

இரண்டாவது ஆணி, வெளியே போய் வருவது. தினமும் ஒரு வேலைக்காகப் போக வேண்டும்: தபால் ஆபீஸ், ரேஷன் கடை, மாவு மிஷின், ஆண்டர்சன்பேட்டையில் மருந்து. 'சுற்றிப் பார்க்கப் போகலாம்' என்றால் நான்கு நாளில் சலித்துவிடும். தங்கவயலில் இதற்கு ஒரு வசதி உண்டு, வேறு ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காதது. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, கறிக்கடையில் உருது, பழைய ஆங்கிலோ இந்தியப் பெரியவர் யாராவது இருந்தால் ஆங்கிலம். மகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: கடையில் வாங்கும் பொருளுக்கு நான்கு மொழியிலும் பேர் எழுத வேண்டும். வெல்லம், பெல்லா, பெல்லம், குட். மூன்று ஒன்றுபோல இருப்பதையும் ஒன்று தனியே நிற்பதையும் அவளே பார்த்துக் கேட்டாள். மொழிக் குடும்பம் என்ற பேச்சை நான் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

கன்னடத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நம் வீடுகளில் சிலர் 'தமிழ் போதும்' என்று இருந்துவிடுகிறார்கள். கர்நாடகத்தில் இருந்துகொண்டு பிள்ளைக்குக் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுத் தராமல் வைப்பது அதன் காலில் கல்லைக் கட்டுவது. பேச்சுக் கன்னடம் தெருவில் தானாக வரும், எழுத்து வராது. பஸ் பலகை, ரேஷன் கடைப் போர்டு, கரண்ட் பில், இந்த மூன்றையும் தினமும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதேபோலத் தமிழ் எழுத்தையும் விட்டுவிடக் கூடாது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்த பின் 1920களில் இந்தத் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளிகளின் ஊரில் அச்சான தமிழ். அதை நான் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன், கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

வரைபடத்தில் பாலகாட்டைத் தேடச் சொல்லுங்கள். தேடினால் முதலில் மத்தியப் பிரதேசத்து பாலாகாட் மாவட்டம் வரும். என் மகன் 'நம்ம ஊர தூக்கி வேற எடத்துல வெச்சிட்டாங்க' என்று அழ ஆரம்பித்தான். அங்கேயும் சுரங்கம்தான், மலாஞ்ச்கண்டில் செம்பு. நம்முடையது தங்கவயலின் வடபக்கத்தில் ஒரு காலத்தில் தனிக் கம்பெனி நடத்திய சுரங்கத்தின் பெயர். ஒரு பெயர் இரண்டு இடம் என்பதிலிருந்து ஒரு வாரப் பூகோளம் ஓடியது.

மூன்றாவது ஆணி சாயங்காலம், தாத்தா டீ குடிக்கும் நேரம். இந்த ஆணி அடிக்கத்தான் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் ஆனது.

பிள்ளைகளை நிறுத்தியபோது மாமனார் என்னிடம் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சொன்னார்: "ஏம்மா, நான் ஆறாயிரம் அடி கீழ எறங்குனது இன்னாத்துக்கு? உன் புருஷன் பெஞ்சுல உக்காந்து படிக்கணும்னுதானே. நீ பெஞ்சே வாணாம்னு சொல்ற." இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. வசதியான நகரத்தில் ஒருவர் 'பள்ளிக்கூடம் வேண்டாம்' என்பதும், கீழே பாறைச் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும் குழியிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் வழியாக வெளியே கொண்டுவந்த ஊரில் ஒருத்தி அதைச் சொல்வதும் ஒன்றாகாது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும். அதைப் பழைய காலத்துப் புத்தி என்று தள்ளாதீர்கள். வாதாடவும் செய்யாதீர்கள். நான் செய்தது, அவரையே ஒரு வேலைக்கு வைத்தேன். 'மாமா, சாயந்திரம் அரை மணி நேரம் இவங்களுக்குச் சொரங்கத்தப் பத்திச் சொல்லுங்க' என்றேன். கீழே பாறை வெடித்து ஏர்பிளாஸ்ட் அடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் எப்படி ஆடும், கேஜ் என்ற லிஃப்டில் இறங்கும்போது காது எப்படி அடைக்கும், கீழே சாப்பாட்டுத் தூக்கு எங்கே வைப்பார்கள். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் விஞ்ஞானிகள் நியூட்ரினோவின் தடம் பிடித்ததைப் படித்துக் காட்டியபோது, 'அதெல்லாம் எங்களுக்கு யாரு சொன்னாங்க' என்று அவரே பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார். இன்னமும் அவருக்குச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். டீ நேரத்துக்கு மட்டும் தவறாமல் வந்து உட்காருகிறார்.

பெற்றோர் தானே பாடம் சொல்வதில் உள்ள ஆபத்துக்கு ஒரு பழைய உதாரணம் காந்தி. தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தந்தவர் அவர், ஜி.யு. போப்பின் தமிழ்க் கையேட்டை வைத்துக் கப்பலிலும் சிறையிலும் தான் கற்ற அரைகுறைத் தமிழைக் கொண்டே. அவருடைய நண்பர் காலன்பாக் தச்சு வேலை சொல்லித் தந்தார், செருப்புத் தைப்பதும் பாடமாக இருந்தது. படிக்க எவ்வளவு ஆசையாக இருக்கிறது! ஆனால் அவருடைய மூத்த மகன் ஹரிலாலுக்கு, தனக்கு முறையான படிப்பு கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கல் தீரவே இல்லை. 1911இல் படிப்புக்காக வீட்டை விட்டே கிளம்பினார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து 'உனக்குப் பள்ளிக்கூடம் போகணுமா?' என்று கேளுங்கள். கேட்டால் நிஜப் பதில் வர வேண்டும், உங்களுக்குப் பிடித்த பதில் வரக் கூடாது. என் மகள் போன வருஷம் 'பெஞ்சுல பக்கத்துல உக்கார ஒருத்தி வேணும்' என்று அழுதாள். அதற்குக் கணக்கும் வரைபடமும் மருந்தாகாது. நாலரை மணிக்குமேல் எங்கள் லைன் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளி விட்டு வந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் எந்தப் பாடமும் வைப்பதில்லை என்று அன்றிலிருந்து சட்டம்.

இனிக் காகிதம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தள்ளிப் போடாதீர்கள்.

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பிலிருக்கும் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அதில் இல்லை. இந்த இடைவெளியில்தான் நாம் எல்லோரும் இருக்கிறோம், அதைத் தெரிந்துகொண்டு இருங்கள். அதே சட்டத்தில் நமக்கு உதவும் ஒன்றும் உண்டு. பள்ளியில் இல்லாத பிள்ளை திரும்பச் சேர வந்தால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது நான்காவது பிரிவு. கதவு சாத்திக்கொள்ளவில்லை என்று பெரியவர்களிடம் சொல்ல இது போதும்.

பத்தாம் வகுப்புக்கு என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பதினான்கு வயது நிறைந்தால் சேரலாம். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும், தமிழையும் எடுக்கலாம். ஒரு பாடத்தில் தேற 33 மதிப்பெண். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருஷத்தில் ஒன்பது வாய்ப்புத் தருகிறார்கள். கணக்குப் பாடம் கட்டாயமில்லை என்பதைக் கேட்டுப் பிள்ளைகள் துள்ளும்; பின்னால் என்ன படிக்கப் போகிறது என்று பார்க்காமல் அதை விட்டுவிடாதீர்கள். பள்ளியிலிருந்து நிறுத்தும்போதே டிசி வாங்கி வையுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எங்களுக்கு ஒரு அலுவலகத்தில் ஒரே ஒரு எழுத்து மாறிப்போய் நான்கு நடை ஆயிற்று.

பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க யாராவது வாசலுக்கு வருவார்கள். எரிச்சல் வேண்டாம். அவர்கள் தேடுவது வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளை. அப்படித் தேடுவது நல்ல காரியம். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, தினக் குறிப்பு நோட்டைக் காட்டுங்கள்.

அந்த நோட்டை எப்படி எழுதுவது என்று எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். தூங்கப் போகும் முன் ஐந்து நிமிடம், ஒரு நாளுக்கு நான்கு வரி. ஒருவரும் பார்க்கப் போவதில்லை என்பது போல எழுதுங்கள், அலங்காரம் வேண்டாம். ஒன்றும் நடக்காத நாளையும் விடாமல் எழுத வேண்டும். வெறும் நல்ல நாள்களாக இருக்கும் நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள், ஒரு வருஷம் கழித்து நீங்களே நம்ப மாட்டீர்கள். எங்கள் நோட்டிலிருந்து அடுத்தடுத்த இரண்டு நாள்:

புதன். பெரியவள்: பின்னம், 12 கணக்கு, 3 தப்பு. கன்னடம் ஒரு பக்கம், 'ள' இன்னும் திரும்பிப் போகிறது. சின்னவன்: டிரம் நிரம்ப எத்தனை குடம் என்று எண்ணினான், 14, அடுத்த தடவை எத்தனை நிமிடம் என்று பார்க்க வேண்டும். மாவு மிஷின். தாத்தா: கேஜ் மணி, ஒரு அடி இரண்டு அடி அர்த்தம்.

வியாழன். காலையிலிருந்து கரண்ட் இல்லை. இரண்டு பேருக்கும் சண்டை, அளவு டேப் உடைந்தது. எனக்குத் தலைவலி. படிக்கவில்லை. முறுக்கு பிழிந்தோம்.